ஹாரி, ஹெர்ஷ், த்ஸ்வி ஹிர்ஷ்: எல்லாம் ஒரே ஆளா?

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பழைய யூதக் கல்லறைத் தோட்டங்கள் நிறைய உண்டு. கற்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். அதில் ஒரு கல்லின் முன் நாம் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கீழே ஆங்கிலத்தில் ‘ஹாரி’ என்ற பெயரும் இறந்த ஆண்டும். மேலே முழுக்க எபிரேய எழுத்து. உச்சியில் ‘பே’, ‘நூன்’ என்று இரண்டே எழுத்துகள்; ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்’ என்பதன் சுருக்கம். அதற்குக் கீழே ‘த்ஸ்வி ஹிர்ஷ், யித்ஸ்ஹாக்கின் மகன்’. பிறகு எபிரேய நாட்காட்டிப்படி தேதி. கடைசி வரியில் ஐந்து எழுத்துகள். இறந்தவரின் ஆன்மா வாழ்வோரின் கட்டில் சேர்த்துக் கட்டப்படட்டும் என்ற வேண்டுதல் அது. கல்லின் தலைப்பில் விரல் விரித்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால், அவர் கோஹன் எனப்படும் குருமார் மரபுக்காரர். தண்ணீர்க் கூஜா செதுக்கியிருந்தால், அந்தக் குருமாருக்குப் பணிவிடை செய்த லேவியர் மரபுக்காரர்.

கொள்ளுப்பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், யூத வழக்கப்படி கல்லின் மேல் ஒரு கூழாங்கல்லை வைக்கிறார்கள், போகிறார்கள். பலருக்கு ஆங்கிலப் பகுதி மட்டும்தான் படிக்க வரும். ஹாரியின் அப்பா பெயர் என்ன என்று கேட்டால், ‘அதெல்லாம் போரில் அழிந்துபோச்சு’ என்பார்கள். அந்தப் பெயரோ அவர்கள் கண்ணெதிரே அத்தனை வருஷமாக நிற்கிறது.

யூதக் குடும்ப வரலாற்றைத் தேட ஒரு வம்சாவளி ஆய்வாளரைக் காசு கொடுத்து அமர்த்துவது என்றால் என்ன என்பதை இந்தக் கல்லிலிருந்தே விளக்கலாம். கல்லில் ஹாரி. கப்பல் பயணிகள் பட்டியலில் ஹெர்ஷ். போலந்துப் பிறப்புப் பதிவில் ஹெர்ஷெக். எபிரேயத்தில் த்ஸ்வி ஹிர்ஷ். இந்த நான்கும் ஒரே ஆளா, இல்லை இரண்டு சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளைக் குழப்பிக்கொள்கிறோமா? இதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். குடும்ப மரம் வரைவதற்கு இணையத்தில் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. அதற்கு ஆள் தேவையில்லை.

பெயர் விஷயம் தமிழர்களுக்குச் சுலபமாகப் புரியும். நம்மிலும் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலானோரும் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை அப்படித்தான் இருந்தார்கள். இன்னாரின் மகன் இன்னார், அவ்வளவுதான். நிலையான குடும்பப் பெயர் அரசாங்கம் போட்ட கட்டாயம். ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசஃப் 1787இல் ஆணையிட்டார். ரஷ்யா 1804இல், நெப்போலியன் 1808இல், பிரஷ்யா 1812இல் அதே வழிக்கு வந்தன. வரி வசூலுக்கும் ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்கும் பெயர் தேவைப்பட்டது. அதற்கு முந்தைய தலைமுறைகளை ‘எங்கள் குடும்பப் பெயர்’ என்று சொல்லித் தேடினால் எதுவும் கிடைக்காது. தேட வேண்டியது அப்பா பெயரை, தாத்தா பெயரை, ஊரை, தொழிலை.

அடுத்தது இரட்டைப் பெயர். த்ஸ்வி என்றால் எபிரேயத்தில் மான். ஹிர்ஷ் என்றால் அவர்கள் வீட்டில் பேசிய யித்திஷ் மொழியில் மான். ஜெப ஆலயத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, பல நேரம் இரண்டும் சேர்த்தே ஒரு பெயர். தோவ் பேர் என்றால் இரண்டு மொழியிலும் கரடி. ஆர்யே லெய்ப் என்றால் சிங்கம். ஸெயெவ் வோல்ஃப் என்றால் ஓநாய். அமெரிக்காவில் இறங்கியதும் ஹிர்ஷ் ஹாரி ஆகிவிடுகிறார். இது தெரியாமல் ‘ஹாரி’ என்றே தேடுகிறவர் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பார்.

பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்தது என்போம். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். யூதர்களிடமும் அந்த வழக்கம் உண்டு, ஆனால் ஒரு வித்தியாசத்தோடு. ஜெர்மனி, போலந்து, ரஷ்யா பக்கத்து அஷ்கெனாஸி யூதர்கள் உயிரோடு இருக்கிறவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லை. இறந்தவர் பெயரைத்தான் வைப்பார்கள். ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி யூதர்களோ உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரையே மகிழ்ச்சியோடு வைப்பார்கள். அனுபவமுள்ள ஆய்வாளருக்கு இதுவே ஒரு தடயம். ஒரு அஷ்கெனாஸி வீட்டில் 1880இல் பிறந்த குழந்தைக்கு யித்ஸ்ஹாக் என்று பெயர் வைத்திருந்தால், யித்ஸ்ஹாக் தாத்தா அதற்கு முன்பே இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய இறப்புப் பதிவை எந்த வருஷங்களில் தேடுவது என்று ஒரு வரம்பு கிடைத்துவிடுகிறது. சிக்கலும் இதே வழக்கத்தில்தான் இருக்கிறது. தாத்தா இறந்த சில வருஷங்களுக்குள் அவருடைய நான்கு பிள்ளைகள் வீட்டிலும் ஒரு யித்ஸ்ஹாக் பிறக்கிறான். ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், கிட்டத்தட்ட ஒரே வயது.

ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவில் இன்னொரு குழப்பம். ரப்பி எனப்படும் யூத மதகுரு நடத்திவைத்த திருமணம் மட்டும் அரசாங்கத்துக்குப் போதாது. தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பலர் பதிவு செய்யவே இல்லை. அதனால் அந்தப் பிள்ளைகள் சட்டப்படி திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்களாக எழுதப்பட்டு, அம்மாவின் குடும்பப் பெயரைத் தாங்கினார்கள். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு, ஏதோ சான்றிதழ் தேவைப்பட்டு, ஐம்பது வயதுத் தம்பதி பதிவுத் திருமணம் செய்துகொண்டதும் உண்டு. இதை அறியாத பேரன், ‘கொள்ளுப்பாட்டி வாழ்க்கையில் ஏதோ மறைத்துவிட்டார்கள்’ என்று மனம் வருந்துவான். மறைக்க எதுவுமே இல்லை. ஊரறிய விதானத்தின் கீழ் நடந்த கல்யாணம்தான் அது.

கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்திலும் சொல்லப்படும் ஒரு கதை உண்டு: நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவில் குடியேற்ற அதிகாரி எங்கள் பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று. அது நடந்ததற்கு ஆதாரம் இல்லை. அங்கே அதிகாரிகள் கையில் வைத்துச் சரிபார்த்தது, கப்பல் கிளம்பும் துறைமுகத்திலேயே கப்பல் கம்பெனி எழுதிக் கொடுத்த பட்டியலை. பெயரைச் சுருக்கியதும் மாற்றியதும் பெரும்பாலும் வந்தவர்களேதான், வேலைக்காகவும் அக்கம்பக்கத்துக்காகவும், சில வருஷம் கழித்து. இந்த ஒரு கதையை நம்பிக்கொண்டு கப்பல் பட்டியலில் புதுப் பெயரையே தேடுகிறவர்கள் ஏராளம்.

சரி, ஆய்வாளர் எங்கிருந்து தொடங்குவார்? நம்மில் பலர் நினைப்பதுபோல் போலந்துக் காப்பகத்திலிருந்து அல்ல. வந்து சேர்ந்த நாட்டின் காகிதங்களிலிருந்து. முதலில் பிடிக்க வேண்டியது ஊர். ‘மின்ஸ்க்கிலிருந்து வந்தோம்’ என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது மின்ஸ்க் நகரமாகவும் இருக்கலாம், மின்ஸ்க் மாகாணத்தில் ஏதோ ஒரு சிற்றூராகவும் இருக்கலாம். பெயர் தெரியாத ஊரைச் சொல்வதைவிடப் பெரிய ஊர்ப் பெயரைச் சொல்வது எளிது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர் வெளிநாட்டில் ‘சென்னை’ என்று சொல்வதில்லையா, அப்படி. ஆனால் பதிவேடுகள் ஊர்வாரியாக இருக்கின்றன. ஊர் தெரியாமல் ஒரு அடிகூட நகர முடியாது.

அமெரிக்காவில் இதற்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. 1906 செப்டம்பருக்குப் பிந்தைய குடியுரிமை மனுக்களில் பிறந்த ஊர், பிறந்த தேதி, வந்த கப்பல் எல்லாம் கேட்கப்பட்டன. 1907 முதல் கப்பல் பட்டியலில், கிளம்பிய நாட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் எழுத வேண்டியிருந்தது. இந்த ஒரு பத்தியில் ‘அப்பா யித்ஸ்ஹாக்’ என்று ஒரு ஊர்ப் பெயரோடு இருந்துவிட்டால், கல்லறைக் கல்லின் எபிரேய வரியும் கப்பல் பட்டியலும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. 1936இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தில் அம்மாவின் பிறந்தகத்துப் பெயரும் உண்டு. இன்னொரு தடயம், ஊர்க்காரர் சங்கம். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, கல்லறைத் தோட்டத்தில் மொத்தமாக இடம் வாங்கினார்கள். அந்தப் பகுதியின் நுழைவாயில் தூணில் ஊர்ப் பெயர் செதுக்கியிருக்கும். ஹாரி எந்த வாசலுக்குள் கிடக்கிறார் என்று பார்த்தாலே போதும், பல நேரம் ஊர் கிடைத்துவிடும்.

ஊர் கிடைத்த பிறகுதான் எல்லைச் சிக்கல். 1772, 1793, 1795 என்று மூன்று தடவை போலந்தைக் கூறுபோட்டு ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் எடுத்துக்கொண்டன. லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் எல்லாம் ஒரே நகரம்தான். தெருவை விட்டு நகராமலே நாடு மாறியவர்கள் அந்த மக்கள். எனவே ஒரே குடும்பத்தின் காகிதங்கள் மூன்று நான்கு மொழிகளில், மூன்று நான்கு நாடுகளின் காப்பகங்களில் கிடக்கின்றன. வார்சாவைச் சுற்றியிருந்த போலந்து ராஜ்ஜியப் பகுதியில் பதிவுகள் 1808இலிருந்து போலிஷ் மொழியில். 1868 முதல் ரஷ்ய மொழியில். 1826 முதல் யூதர்களுக்குத் தனிப் பதிவேடு. அதற்கு முன் எல்லா மதத்தாரையும் கத்தோலிக்கப் பாதிரியாரே எழுதினார். கலீசியாவில் ஜெர்மன், பிறகு போலிஷ். ரஷ்யப் பேரரசின் மற்றப் பகுதிகளில் தலைவரிக்காக எடுத்த ஆள்கணக்குப் பட்டியல்கள். அந்த வகையில் கடைசிக் கணக்கு 1858இல். தேதியிலும் கவனம் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய நாட்காட்டி 12 நாள் பின்தங்கியிருந்தது.

ஒரு பதிவை நெருக்கத்தில் பார்த்தால் வேலையின் கடினம் புரியும். 1840களின் போலிஷ் பிறப்புப் பதிவு கட்டமில்லாத நீளமான ஒரே பத்தி. இன்ன ஊரில், இன்ன தேதி, காலை பத்து மணிக்கு நடந்தது என்று ஆரம்பிக்கும். ‘பழைய ஏற்பாட்டு மதத்தைச் சேர்ந்த இன்னார், தையல்காரர், முப்பது வயது, இவ்வூரில் குடியிருப்பவர், எங்கள் முன் வந்து, ஓர் ஆண் குழந்தையைக் காட்டி’ என்று நீண்டு, தாயின் பெயர், அவள் வயது, குழந்தைக்கு விருத்தசேதனத்தின்போது வைத்த பெயர், இரண்டு சாட்சிகள், அவர்கள் தொழில் எல்லாம் வரும். ஆண்டுகூட எழுத்தால்தான் எழுதப்பட்டிருக்கும். கடைசியில் அப்பாவின் கையெழுத்து எபிரேய எழுத்தில் இருக்கலாம், அல்லது ‘எழுதத் தெரியாது’ என்று இருக்கலாம். முப்பது என்ற வயது, இருபத்தேழாகவும் முப்பத்து மூன்றாகவும் இருக்கலாம்; உருண்டையாக எழுதுவது வழக்கம். சில வீடுகளில் பிறந்தவுடன் பதிய மாட்டார்கள்; மூன்று நான்கு பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் வந்து பதிந்திருப்பார்கள். ‘1847 பதிவு’ என்பதால் குழந்தை 1847இல் பிறந்தது என்று எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். அந்தத் தையல்காரர் என்ன பெயரில் கையெழுத்துப் போட்டார் என்று மூலப் பக்கத்தைப் பார்க்காமல் அட்டவணையை மட்டும் நம்புகிறவரை நான் ஆய்வாளர் என்று ஏற்கமாட்டேன்.

இனி, காசு கொடுப்பதற்கு முன் நாமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. யூத வம்சாவளிக்கான ஜூயிஷ்ஜென் இணையதளம் 1987இல் தொடங்கியது. போலந்து யூதப் பதிவுகளுக்கான ஜேஆர்ஐ-போலந்து 1995இல். லிதுவேனியாவுக்கு லிட்வாக்சிக், கலீசியாவுக்கு கெஷர் கலீசியா. ஏராளமான தன்னார்வலர்களின் உழைப்பில் லட்சக்கணக்கான பதிவுகளுக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கூட்டல் மாறினாலும் ஒலியை வைத்துத் தேடும் வசதியும் உண்டு. டேய்ச், மொகொடாஃப் என்ற இருவர் 1985இல் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்களுக்கென்றே உருவாக்கிய முறை அது. இவற்றில் ஒரு வாரம் உட்கார்ந்தால், ஆய்வாளருக்குக் கொடுக்கும் முதல் பத்து மணி நேரக் கூலி மிச்சம். வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவது அதைவிட அவசரம். காப்பகம் நாளைக்கும் இருக்கும். தொண்ணூறு வயது அத்தை இருப்பாரா தெரியாது.

அப்புறம் எப்போது ஆள் தேவை? மூன்று இடங்களில் என்பேன். கையெழுத்தையோ மொழியையோ படிக்க முடியாதபோது. பதிவு இணையத்தில் இல்லாமல், காப்பகத்தில் யாராவது போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும்போது. போலந்தில் பிறப்புப் பதிவு நூறு வருஷமும் திருமண, இறப்புப் பதிவுகள் எண்பது வருஷமும் பதிவு அலுவலகத்திலேயே இருக்கும், அங்கே வாங்க உறவு நிரூபிக்க வேண்டும். மூன்றாவது, இரண்டு யித்ஸ்ஹாக்குகளில் நம்முடையவர் யார் என்று முடிவு செய்ய முடியாமல் நிற்கும்போது. இந்த மூன்றாவதுதான் உண்மையான நிபுணத்துவம் தேவைப்படும் இடம்.

அமர்த்தும்போது கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். ‘என் குடும்ப வரலாற்றைக் கண்டுபிடியுங்கள்’ என்பது கேள்வியே அல்ல. பணமும் நேரமும் எங்கே போனது என்று தெரியாது. ‘1910 வாக்கில் வந்த ஹாரியின் அம்மாவின் பிறந்தகப் பெயர் என்ன?’ என்பது நல்ல கேள்வி. ஆய்வாளர்கள் பெரும்பாலும் மணிக் கணக்கில்தான் கூலி வாங்குகிறார்கள். காப்பகக் கட்டணம், பயணம், உள்ளூர் உதவியாளர் செலவு தனி. முதலில் சில மணி நேரத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போட்டு, அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. பழைய மாதிரி அறிக்கை ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் காப்பகப் பெயர், தொகுதி எண், பதிவு எண் இருக்கிறதா? முரண்பட்ட ஆதாரத்தை மறைக்காமல் எடுத்துச் சொல்லி, ஏன் ஒன்றை ஏற்றார் என்று விளக்குகிறாரா? எந்தப் பதிவேடுகளில் தேடியும் கிடைக்கவில்லை என்று பட்டியல் தந்திருக்கிறாரா? அந்தக் கடைசிப் பட்டியலைப் பார்த்துப் பலர் கோபப்படுகிறார்கள், ஒன்றும் கிடைக்காததற்கு எதற்குக் காசு என்று. ஆனால் 1860 முதல் 1875 வரை அந்த ஊர்ப் பதிவேட்டில் அந்தக் குழந்தை இல்லை என்று உறுதியாகத் தெரிவது பெரிய விஷயம். குடும்பம் அந்த வருஷங்களில் வேறு ஊரில் இருந்திருக்கலாம், அல்லது பிறப்பைப் பதியாமல் விட்டிருக்கலாம்.

இந்தத் தொழிலை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், அரசாங்க உரிமம் கிடையாது. அமெரிக்காவில் 1964இல் அமைந்த சான்றளிப்பு வாரியம் ஒன்று, விண்ணப்பிப்பவரின் ஆய்வு வேலைகளையே வாங்கி மதிப்பிட்டுச் சான்று தருகிறது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1979 முதல் தொழில்முறை ஆய்வாளர் சங்கமும் இருக்கிறது. அதன் உறுப்பினர் பட்டியலில் பகுதிவாரியாக ஆள் தேடலாம், ஆனால் உறுப்பினர் என்பது தேர்ச்சிக்குச் சான்று அல்ல. பொதுவாகக் கெட்டிக்காரராக இருப்பதும் போதாது. கலீசியா தெரிந்தவருக்கு லிதுவேனியா தெரியாது. தாவீது ராஜா வரை போய்ச் சேர்த்துவிடுகிறேன், புகழ்பெற்ற ரப்பி வம்சம் என்று நிரூபித்துவிடுகிறேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பவரிடம் போகவே போகாதீர்கள்.

மரபணுச் சோதனை இதற்கெல்லாம் குறுக்குவழி ஆகுமா என்று கேட்பார்கள். அஷ்கெனாஸி யூதர்களுக்கு அது தனிச் சிக்கல். 2014இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இன்றைய அஷ்கெனாஸி யூதர்கள் எல்லோரும் 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் சுமார் 350 பேராகச் சுருங்கியிருந்த ஒரு கூட்டத்தின் வழிவந்தவர்கள். பிறகும் தங்களுக்குள்ளேயே மணம் முடித்தார்கள். அதனால் சோதனை நிறுவனம் ‘மூன்றாம் தலைமுறைச் சொந்தம்’ என்று ஆயிரக்கணக்கானவர்களைக் காட்டும். உண்மையில் பத்துப் பன்னிரண்டு தலைமுறைக்கு முந்தைய பல சின்னச் சின்ன உறவுகள் கூடி அப்படித் தெரிகின்றன. காகித ஆதாரத்தோடு சேர்த்துப் பார்த்தால் உதவும். தனியாக அல்ல.

செஃபார்டி குடும்பங்களுக்குத் தேடும் இடமே வேறு: லிஸ்பனில் உள்ள கத்தோலிக்க மதவிசாரணை மன்றக் கோப்புகள், ஆம்ஸ்டர்டாம் நோட்டரிப் பத்திரங்கள், லண்டன் ஜெப ஆலயப் பதிவேடுகள். அந்தத் தடம் சென்னைக்கும் வருகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைர வியாபாரத்துக்காக லண்டனிலிருந்து வந்த போர்த்துகீசிய வழி யூதர்கள் ஜார்ஜ் டவுனில் குடியிருந்தார்கள். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த உறுப்பினர்களில், யூத வணிகர்களும் இருந்தார்கள். அவர்கள் வழிவந்தோரைத் தேடுகிற ஆய்வாளர், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பதிவுகளையும் புரட்ட வேண்டிவரும்.

குடியுரிமைக்காகத் தேடுகிறவர்களும் இப்போது அதிகம். நாஜி ஆட்சியில் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஜெர்மனி அதைத் திரும்பத் தருகிறது. 2020 முதல் ஆஸ்திரியாவும். அங்கே தேவைப்படுவது முத்திரையிட்ட சான்றிதழ் சங்கிலி. ஒரு கண்ணி குறைந்தாலும் மனு நிற்காது.

‘எல்லாம் அழிந்துபோச்சு’ என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். அழிக்கப்பட்டது மக்கள். காகிதம் பல இடங்களில் பிழைத்தது. ஜெர்மனியின் ஆரோல்சன் காப்பகத்தில் நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்கள் உட்பட 1 கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய தகவல்கள் இருக்கின்றன. 2007இன் இறுதியில்தான் அது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஜெருசலேமின் யாத் வாஷெம் என்ற யூத இனப்படுகொலை நினைவகம் 1950களிலிருந்து சாட்சியப் படிவங்களைச் சேர்த்துவருகிறது. ஒவ்வொன்றும் கொல்லப்பட்ட ஒருவருக்காக, அவரை அறிந்த ஒருவர் நிரப்பிக் கொடுத்த ஒற்றைத் தாள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஊர், தொழில், எங்கே எப்படி இறந்தார்.

முதல் தடவை பார்க்கிறவர்கள் தாளின் மேல்பகுதியிலேயே நின்றுவிடுகிறார்கள், கண் கலங்கி. நல்ல ஆய்வாளர் கடைசி வரிக்குப் போவார். அங்கே நிரப்பியவரின் பெயரும் கையெழுத்தும் உண்டு. இறந்தவருக்கு அவர் என்ன முறை என்றும் எழுதியிருக்கும், பக்கத்தில் ஒரு முகவரியோடு. ஹாரிக்கு ஊரில் தங்கிவிட்ட ஒரு தங்கை இருந்தாள் என்று நியூயார்க்கில் யாருக்கும் தெரியாது. அவளுக்கான தாளை நிரப்பியது அவள் மகன். 1956ஆம் ஆண்டு, ஹைஃபாவில் ஒரு தெரு, ஒரு வீட்டு எண். அந்த மகனும் இன்று இருக்கமாட்டார். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம், அவர்கள் வீட்டில் ஒரு பழைய புகைப்படம் இருக்கலாம். ஆய்வாளர் அடுத்து எழுதுகிற கடிதம் காப்பகத்துக்கு அல்ல, அவர்களுக்கு.